டிக்கெட் கணக்கும் முப்பது ரூபாயும்

சமன்பாட்டைக் கொடுத்தால் மளமளவென்று தீர்க்கும் மாணவர்கள்கூட, அதையே நாலு வரிக் கதையாகக் கொடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். நாடகத்துக்கு 200 டிக்கெட் விற்றது. 50 ரூபாய், 20 ரூபாய் என்று இரண்டு வகை. வசூல் 5,800 ரூபாய். எது எத்தனை? இவ்வளவுதான் கேள்வி.

பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். எக்ஸ் என்பது டிக்கெட்டின் எண்ணிக்கையா, அதில் வந்த பணமா என்று முடிவு செய்யாமலே எழுதத் தொடங்கிவிடுவார்கள். எண்ணிக்கைக்கு ஒரு சமன்பாடு, பணத்துக்கு ஒன்று, இரண்டையும் கலக்கக்கூடாது.

எக்ஸே இல்லாமலும் போடலாம். 200 டிக்கெட்டும் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000 வரும். மிச்சம் 1,800. ஒவ்வொரு 50 ரூபாய் டிக்கெட்டும் கூடுதலாக 30 ரூபாய் கொண்டுவருகிறது. வகுத்தால் 60. மற்றது 140. முடிந்தது!

(இந்த வகைக் கணக்குக்கு வயது ஆயிரத்துக்கு மேல். 9-ஆம் நூற்றாண்டில் மகாவீரர் எழுதிய 'கணித சார சங்கிரக'த்தில் நார்த்தம்பழமும் விளாம்பழமும் வரும். 9 நார்த்தையும் 7 விளாவும் 107. 7 நார்த்தையும் 9 விளாவும் 101. கூட்டியும் கழித்தும் பாருங்கள். 8, 5 என்று விலை விழும். 1912-இல் சென்னையில் ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சான நூல் இது.)

புத்தகத்தில் 5,800 என்றால் 5,800தான். கல்லூரி விழாவில் டிக்கெட் மேசையில் உட்காரும் பி.காம். பையனுக்கு அந்த நிம்மதி கிடையாது. இரவு பெட்டியில் 5,810 இருந்தால் 1,810-ஐ 30 வகுக்காது. எங்கோ தப்பு என்று கணக்கே கத்திவிடும். 5,770 இருந்தால்? 59, 141 என்று விடை பளிச்சென்று வரும். சரிபார்த்தாலும் சரியாகவே இருக்கும். அடிக்கட்டைகளை எண்ணினால்தான் 60, 140 என்று தெரியும். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் சமமாக வந்தும் உள்ளே பிழை ஒளிந்திருக்குமே, அதேதான்.

50 ரூபாய் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து 20 ரூபாய் வாங்கியிருக்கலாம். சில்லறை கொடுத்ததில் தவறியிருக்கலாம். பையன் கைவைத்துவிட்டான் என்றும் நாலு பேர் சொல்லலாம். சமன்பாட்டுக்கு மூன்றும் ஒன்றுதான், மேசையில் இருப்பவனுக்கு அப்படியில்லை. அதனால் பல பையன்கள் பேசாமல் தங்கள் சட்டைப் பையிலிருந்து 30 ரூபாயை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். மறுநாள் பொருளாளர் எண்ணும்போது பெட்டியில் 5,800 இருக்கும். விடையும் 60, 140 என்றே வரும்.