தலைநகரில் துடுப்புப் பிடிக்க

தில்லியில் "போட் கிளப்" என்றால் அறியாதார் இல்லை. இந்தியா கேட்டுக்கு அண்மையில், செயற்கை நீர்நிலைகளை ஒட்டிய புல்வெளி அது. உல்லாசப் படகுகள் மிதந்த இடம். 1990களின் தொடக்கம் வரை பெரும் பேரணிகள் கூடிய இடம். ஆயின், பெயரை நம்பிப் பந்தயப் படகைத் தேடிச் செல்வோர் ஏமாந்தே திரும்புவர்.

யமுனை இருக்க இக்குறை ஏன் என்று கேட்கலாம். வஜீராபாத் அணைக்கு மேலே ஆறு ஓரளவு தெளிவாக வருகிறது. அங்கிருந்து ஓக்லா வரையுள்ள 22 கிலோமீட்டரில் நஜஃப்கட் வாய்க்கால் முதலியவற்றின் கழிவு கலந்து, அது கருத்துவிடுகிறது. மழைக்காலத்திலோ வெள்ளம், 2023 ஜூலையில் பழைய இரும்புப் பாலத்தருகே நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. 1982இல் ஆசிய விளையாட்டுகளைத் தில்லி நடத்தியபோதும், துடுப்புப் படகுப் போட்டிகள் ஜெய்ப்பூரை அடுத்த ராம்கட் ஏரியிலேயே நடைபெற்றன. அவ்வேரியும் பின்னாளில் வறண்டுபோயிற்று.

எனினும், நீர் இல்லாமையினும் வழிகாட்டுவார் இல்லாமையே பெருங்குறை என்பேன். 2010இல் ஆசிய விளையாட்டில் தனியர் படகில் பொன் வென்ற பஜ்ரங் லால் தாக்கர், வறண்ட ராஜஸ்தானத்துச் சீகர் மாவட்டத்தவர். இப்பந்தயத்தில் ஆசிய விளையாட்டில் இந்தியா பெற்ற முதற்பொன் அதுவே. 2018இல் நால்வர் படகில் பொன் வென்றோருள் ஒருவரான தத்து போகனல், நாசிக் மாவட்டத்தின் வறட்சி மிக்க சிற்றூரில் பிறந்தவர். இருவருக்கும் துடுப்பைக் கையில் கொடுத்தது இராணுவம். வாலிபப் பருவத்தில் அவர்களுக்குத் திறந்த கதவு, நம் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வயதிலேயே திறந்தாலென்ன?

1867இல் தொடங்கப்பட்ட மதராஸ் போட் கிளப், சென்னை அடையாற்றங்கரையில் இருந்து வருகிறது. 1898 முதற்கொண்டு கொழும்புச் சங்கத்தாரோடு பந்தயமும் ஓட்டி வந்திருக்கிறார்கள். அடையாறும் மாசுற்ற ஆறுதான். ஆயினும் அங்கே துடுப்பு ஓய்ந்துவிடவில்லை. இத்தகைய சங்கங்களிடம் படகும் பயிற்சியாளரும் உண்டு. பள்ளிகளிடம் பிள்ளைகள் உண்டு. இரண்டும் கைகோத்தால் காரியம் கைகூடும். லண்டன் மாநகரில், துடுப்புப் பயிற்சிப் பொறிகளை முதலில் அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்று, பின்னரே பிள்ளைகளை நீருக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். அப்பொறிக்கு ஆறு வேண்டா. பள்ளிக்கூடத் தாழ்வாரம் போதும்.

இப்பயிற்சியின் சிறப்பு ஒன்றைக் கூறவேண்டும். பார்ப்பவர்க்குக் கைகளே உழைப்பதாகத் தோன்றும். உண்மையில், நகரும் இருக்கையில் அமர்ந்து கால்களால் உந்துவதே பெரும்பங்கு. எண்மர் படகில் துடுப்பு வலிக்கும் எட்டுப் பேரும் செல்லும் திசைக்கு முதுகு காட்டியே அமர்கிறார்கள். முன்னே நோக்குபவர் சுக்கான் பிடிப்பவர் ஒருவரே. அவர் சொல்லை நம்பி, எண்மரும் ஒரே மூச்சில் வலிக்கவேண்டும். ஒருவன் துடுப்புப் பிந்தினாலும் படகு தடுமாறும். தனித்தனி வீடுகளில் கதவடைத்து வளரும் நகரத்துப் பிள்ளைகளுக்கு இதனினும் நல்ல பாடம் ஏது?

"பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம்" என்று அஞ்சும் தாய்மார் நம்மிடை உண்டு. அவ்வச்சம் தவறன்று, அதற்கு மருந்து விலக்குவதன்று, பழக்குவதே. முதலில் நீச்சல், அடுத்துப் பொறி, அதன்பின், மிதவைச் சட்டை அணிந்து, பயிற்சியாளர் அருகிருக்கத் தட்டையான பயிற்சிப் படகு. இம்முறை பிறழாதிருத்தல் வேண்டும்.

தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி ஒன்றில், உடற்பயிற்சி ஆசிரியர் துணையோடு, இரண்டு பொறிகளைக் கொண்டு இதனைத் தொடங்கலாம். தேறிய பிள்ளைகளை, தூய நீருள்ள இடத்தில் பயிற்சி தரும் சங்கத்தாரிடம் அழைத்துச் செல்லலாம். கோடை விடுமுறைக்குச் சென்னை செல்வோர், ஒருநாள் விடியற்காலையில் பிள்ளைகளை அடையாற்றுப் பக்கம் அழைத்துச் செல்வார்களாக. நம் சங்க அன்பர்கள் இதுபற்றிக் கலந்து பேசி, வரும் பள்ளியாண்டுக்குள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.