கையை நீட்டாத வீடுகள்

2022 ஜனவரி, கொரோனா மூன்றாவது அலை. விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வேலை செய்யும் பெண் தன்னார்வலர்கள் எட்டுப் பேருக்கு மனநலப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். மூச்சுப் பயிற்சி, நல்ல தூக்கம், சத்தான சாப்பாடு என்று சார்ட் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எம்.ஏ. சமூகவியல் படித்த திமிர், வேறென்ன.

கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்ன இரண்டாவது நிமிடத்தில் காலனி அக்கா ஒருவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"மூச்சு இருக்கட்டும் தங்கச்சி. ஊர்த்தெருவுல மூணு வீட்டுல எங்கிட்ட கையை நீட்ட மாட்டேங்குறாங்க. மாத்திரையைத் திண்ணையில வெச்சிட்டுப் போன்றாங்க. பிரஷர் எவ்ளோன்னு நான் என்னத்த எழுதறது?"

எழுதாவிட்டால் வேலை பார்க்கவில்லை என்று மேலே திட்டு. குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதினால் நாளைக்கு அந்த வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் பழி இவர் தலையில்.

தோழர்களே, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம் இது. சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் வீடு வீடாகப் போகிறார்கள். தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். அதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, ஊக்கத்தொகை. பிரஷர் பார்க்கக் கையில் பட்டை கட்ட வேண்டும், சர்க்கரை பார்க்க விரலில் குத்த வேண்டும். தொடாமல் செய்ய முடியாத வேலை. தொடவே கூடாது என்று ஊர் ஒதுக்கிவைத்த பெண்ணிடம்தான் அதைக் கொடுத்திருக்கிறோம்.

"கொரோனா பயமா இருக்கும்க்கா" என்றேன். இன்றும் நினைத்தால் கூசுகிறது. அவர் சிரித்தார். போன மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது பதிலுக்குப் போன ஊர்த்தெருப் பெண்ணை அதே மூன்று வீட்டிலும் உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்தார்களாம். 'சமூக இடைவெளி' என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, நம் ஊர்களுக்கு அது புதுச்சொல்லே இல்லை.

வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுக்கலாமே என்றேன். "அவரு அந்த வீட்டு நிலத்துலதான் கூலிக்குப் போறாரு" என்றார். அதற்கு மேல் நானும் பேசவில்லை.

சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு எட்டுப் பேரும் உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். பரிசோதனைக்கு மறுத்த வீட்டை 'மறுத்தார்' என்று பதிய வேண்டும், தன்னார்வலர் கணக்கில் குறையாக எழுதக்கூடாது. அந்த மூன்று வீடுகளுக்கும் கிராம செவிலியர் கூடவே போக வேண்டும். ஊக்கத்தொகையை மாதம் பிறந்ததும் தர வேண்டும். ஊர்த்தெருப் பெண்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போடக் கொஞ்சம் தயங்கினார்கள். ஒருவர் போட்டார்.

முதல் கோரிக்கை மட்டும் நடந்தது. செவிலியர் ஒரே ஒருமுறை கூடப் போனார். பணம் பழையபடி தாமதமாகத்தான் வந்தது.

மார்ச்சில் அக்கா போன் செய்தார். மூன்றில் ஒரு வீட்டில், மகன் வேலைக்குப் போயிருந்த நேரம், வயதான அம்மா தானே கையை நீட்டியிருக்கிறார். 180க்கு மேல் இருந்ததாம். "பட்டையைக் கட்டறப்ப என் கைதான் தங்கச்சி நடுங்குச்சு" என்றார்.