அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்

என்னால் யாரும் சாகவில்லை. அதனால்தான் இத்தனை காலம் இதைச் சொல்லாமல் ஓட்டிவிட முடிந்தது.

ஜோஷிமடத்துக்கு மேலே, குவாரி கணவாய்ப் பக்கம், ஒரு ஜனவரி மாதம். எங்கள் ஊர் பிள்ளையார்பாளையத்துப் பையன்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எல்லாரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பனியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். நான் மலையேற்றப் பயிற்சி முடித்தவன். அந்தச் சான்றிதழை நம்பித்தான் வீட்டில் அனுப்பியிருந்தார்கள். குளிர்காலத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் சண்டிகர் நிறுவனம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடும்; சமோலி மாவட்டத்துக்கும் உண்டு. புறப்படும்போது அதை நான் பார்க்கவேயில்லை.

முந்தின நாள்வரை பனி கொட்டியிருந்தது. காற்று வேறு, முகட்டுக்கு அந்தப் பக்கத்துப் பனியை வாரி வந்து இந்தப் பக்கம் குவித்திருந்தது. திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மரங்களுக்குள் சுற்றிப் போய்விடலாம் என்று வழிகாட்டி கை காட்டினார். வெட்டவெளிச் சரிவைக் குறுக்கே தாண்டினால் சீக்கிரம் கூடாரம் போய்ச் சேரலாம் என்றேன் நான். பணம் கொடுத்தவன் பேச்சு. அவர் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

பாதிச் சரிவில் காலுக்கடியில் 'தொம்' என்றது. சுற்றியிருந்த பனி மொத்தமாக ஒரு விரற்கடை இறங்கியது. எனக்கு முன்னால் மெல்லிய விரிசல் ஒன்று ஓடி நின்றது.

"இன்னா சத்தம்ணா அது?" என்றான் பின்னால் வந்த பையன்.

"ஒண்ணுமில்லடா. பனி அமுங்குது. நட."

தெரிந்தே சொன்ன பொய். பனிமலையில் அதைவிட வெளிப்படையான எச்சரிக்கை கிடையாது. குளிர்காலத் தொடக்கத்தில் விழும் பனி கனம் குறைவாக இருந்தால், கடுங்குளிரில் அதன் அடிப்பகுதி சர்க்கரை மணிமணியாக மாறிவிடும், ஒன்றோடொன்று ஒட்டாது. அதன்மேல் புதுப்பனி பலகைபோல் படிந்து நிற்கும். மனிதக் கால் பட்டதும் அடியிலுள்ள மணிகள் நொறுங்கி உள்ளே காற்று பிதுங்குகிற சத்தம் அது. 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவில் அதற்கடுத்து மேலிருக்கும் பலகை நழுவவேண்டியதுதான் பாக்கி. மலையேறிகள் புதைந்துபோகும் சம்பவங்களில் பெரும்பாலும் சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ கூட வந்தவர்களோதான். கால்மணிக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். அரைமணி தாண்டினால் பிழைப்பவர்கள் கொஞ்சம்தான். எங்களில் ஒருவரிடமும் புதைந்தவரைத் தேட உதவும் டிரான்ஸீவர் இல்லை, மண்வாரி இல்லை. ஒவ்வொருவராகத் தாண்டச் சொல்லியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று அப்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. 'அண்ணன் வழி தப்பா எடுத்துட்டாரு' என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சரிவு நழுவவில்லை.

தறியில் தப்பு ஒளியாது. கோர்வை வாங்கும் பையன் ஓர் இழையைத் தவறவிட்டால் சேலையின் உடலும் கரையும் சேருமிடத்தில் பல்லிளிக்கும்; முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். பனியோ தப்பாக நடந்தவனையும் பலமுறை சும்மா விட்டுவிடும். ஊருக்கு வந்ததும் அந்தப் பையனின் அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாய் என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் 11-ஆம் தேதி போய்விட்டார். அவர்களுக்கு அங்கே இருப்பதுதான் உத்தரவு. எனக்கு யார் உத்தரவு போட்டது?

2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டில் திரௌபதி கா டண்டா மலையில் பயிற்சிக்குப் போனவர்கள்மேல் பனி சரிந்து 29 பேர் போனார்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் எவரெஸ்ட்டும் மகாலுவும் ஏறி முடித்திருந்த பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அதில் ஒருவர். தெருமுனை டீக்கடையில் எல்லாரும் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். சரிவின் கோணம், பனிப்பலகை, காற்றடித்துக் குவிந்த பனி என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். குவாரிச் சரிவைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அந்தப் பையனும் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான்.

இப்போது அவனே ஆள் சேர்த்துக் குளிர்கால மலைக்குக் கூட்டிப்போகிறான். போன மாதம் ஒரு வீடியோ காட்டினான். பனியில் நடக்கிறார்கள், அதே 'தொம்'. அவன் குரல் கேட்கிறது: "பயப்படாதீங்க, பனி அமுங்குது."

அன்றைக்கு ராத்திரியே அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குவாரிச் சரிவில் நான் சொன்னது பொய், அந்தச் சத்தம் கேட்டால் வந்த தடத்திலேயே திரும்பிவிட வேண்டும், ஒவ்வொருவராகத்தான் நகரவேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஆனா ஒண்ணும் ஆகலியேணா."

ஜனவரிக்கு மறுபடி ஆள் சேர்க்கிறான். இங்கே அவன் பெயரைப் போடவில்லை. அவனோடு போகப்போகிறவர்களின் வீட்டுக்காரர்கள் கேட்டால், பெயரோடு சொல்லத் தயாராக இருக்கிறேன்.