விழுந்தவன் எங்கே?

"சாமி, இந்தச் சண்டை விளையாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கண்டித்துச் சொல்லக் கூடாதா?" என்று என்னிடம் கேட்காத தாய்மார் எங்கள் பங்கில் குறைவு. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே ஆலைகள் எழுந்த நாள் முதல் இப்பகுதியின் முகமே மாறிவிட்டது. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த வாலிபர்கள் ஓர் அறைக்கு ஆறு பேர், ஏழு பேர் எனத் தங்கியிருக்கிறார்கள். இரவு ஷிப்டு முடித்துக் கம்பெனிப் பேருந்தில் வந்து இறங்குகிறவன், கைபேசியில் அரைமணி நேரமாவது சுட்டுத் தீர்த்த பிறகே தலையைச் சாய்க்கிறான். அக்கைபேசிகளுள் சில நம் ஊர்ப் பெண்பிள்ளைகளின் விரல்களால் இங்கேயே பூட்டப்பட்டவை என்பது தனிக்கதை.

ஒரு தாயின் முறையீடு மட்டும் வேறு வகையாக இருந்தது. அவருடைய மகனுக்கு வயது 19. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி படையில் சேர விரும்பி, விடியுமுன் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் ஓடிப் பழகுகிறான். நான்காண்டுப் பணி, அதன்பின் நாலில் ஒரு பங்கினர் வரையில்தான் நிலைத்த இடம். "சேரட்டும் சாமி, நான் தடுக்கவில்லை. ஆனால் யுத்தம் என்றால் இந்த விளையாட்டு மாதிரிதான் என்று எண்ணிக்கொண்டு போகிறானே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது" என்றார். பிரசங்கத்தால் தீர்கிற விஷயமாக இஃது எனக்குத் தோன்றவில்லை. ஆகவே சில மாதங்களாக வாலிபர்களின் அருகே அமர்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

சண்டை விளையாட்டு என்று நாம் ஒரே பெயரிட்டு அழைப்பவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அறைகளில் பெரும்பாலும் ஆடப்படுவது மெருகு மிகுந்த இனம். பப்ஜி என்ற விளையாட்டை 2020 செப்டம்பரில் நம் அரசு தடை செய்தது. 2021 ஜூலையில் அதுவே 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற புதுப்பெயருடன் வந்தது. 2022 ஜூலையில் நிறுத்தப்பட்டு 2023 மே மாதம் மீண்டும் வந்தது. நூறு பேர் வானிலிருந்து குதித்து, ஒருவரையொருவர் கொன்று, எஞ்சுகிறவர் வெற்றி பெறுவது அதன் விதி. எல்லாம் வழுவழுவென்று ஓடுகிறது. விரல் பட்டால் துப்பாக்கி பேசுகிறது, மூச்சு வாங்குவதில்லை. இந்தியாவுக்கென்று செய்த பதிப்பில் இரத்தத்தையும் பச்சை நிறமாக்கிவிட்டார்கள். இவை அனைத்திலும் என்னை நிறுத்திவைத்தது வேறொன்று. கொல்லப்பட்டவன் விழுந்த இடத்தில் உடல் கிடப்பதில்லை. ஒரு பெட்டி கிடக்கிறது. கொன்றவன் ஓடிவந்து அதைத் திறந்து, தோட்டாவையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு போகிறான். மனிதன் பெட்டியாகிவிடுகிறான்!

மற்ற இனத்தை எனக்குக் காட்டியவர் ஓர் ஆலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் டிப்ளமா படித்த இளைஞர். பழைய கணினி ஒன்றை வாங்கி, 'ஆர்மா 3' என்ற விளையாட்டை வைத்திருக்கிறார். செக் நாட்டின் பொஹீமியா இன்டராக்டிவ் என்ற நிறுவனம் 2013இல் வெளியிட்டது. அரைமணி நேரம் பார்த்தேன். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அவருடைய சிப்பாய் முதுகுச் சுமையோடு மேட்டில் நடந்துகொண்டே இருந்தான். ஓடினால் இளைத்தான், இளைத்தால் துப்பாக்கி முனை நடுங்கிக் குறி தவறியது. பிறகு எங்கிருந்தோ ஒரு குண்டு. அவ்வளவுதான். சுட்டவனை நாங்கள் பார்க்கவேயில்லை. "இதில் இப்படித்தான், ஃபாதர்" என்று சிரித்தார்.

அதிலும் குறைகள் மலிந்துள்ளன. கணினி இயக்கும் வீரர்கள் வழி தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்; வண்டி சிறு கல்லில் மோதி ஆகாயத்தில் எகிறுகிறது. மெருகை விரும்புகிறவன் ஐந்தே நிமிடத்தில் மூடி வைத்துவிடுவான். செய்தவர்கள் உழைப்பையெல்லாம் வேறு பக்கம் செலவிட்டிருக்கிறார்கள். கிரேக்க நாட்டின் லெம்னோஸ் தீவை அப்படியே திரையில் அமைக்க முயன்றார்கள். அவர்களுள் இருவர் 2012இல் அத்தீவில் இராணுவ இடங்களைப் படமெடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு நான்கு மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தனர். தாங்கள் விடுமுறைக்குச் சென்றதாக அவர்கள் கூறினார்கள்.

எங்கள் பகுதி மக்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்குவது கடினமன்று. கார் ஆலையின் வர்ணப் பிரிவில் வேலை செய்கிறவரைக் கேளுங்கள். ஒரு தூசி, ஒரு கீறல் இருந்தாலும் பேரொளி விளக்கின் கீழ் கண்டுபிடித்துத் தேய்த்து மினுக்குவார்கள். அதே ஒரகடத்தில்தான் வாகன ஆராய்ச்சி மையமும் உள்ளது. அங்கே காரை வேண்டுமென்றே தடுப்பில் மோதவிட்டு, உள்ளே வைத்த பொம்மை மனிதனின் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் என்ன நேர்ந்ததென்று அளக்கிறார்கள். இரண்டும் ஒரே காரைப் பற்றிய அறிவுதான். ஆயினும் வண்டி விழும்போது என் பிள்ளை பிழைப்பானா என்று அறிய விரும்பும் தந்தை, வர்ணப் பிரிவில் போய்க் கேட்பதில்லை.

அந்தத் தாயின் மகனை ஒரு மாலைப்பொழுதில் எங்கள் பங்கிலுள்ள ஓய்வுபெற்ற நாயக் ஒருவரின் இல்லத்துக்கு அழைத்துச் சென்றேன். டிப்ளமா இளைஞரும் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாயக் 1987இல் இந்திய அமைதிப்படையுடன் யாழ்ப்பாணம் சென்றவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்களை அத்தீவில் இழந்தோம். தம் தாய்மொழியைப் பேசும் தெருக்களில் துப்பாக்கியுடன் நடந்த அந்நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

முதலில் பையன் தன் கைபேசியைக் காட்டினான். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "நன்றாய் இருக்கிறது, தம்பி. விழுந்தவன் எங்கே?" என்று கேட்டார். பையன் பெட்டியைக் காட்டினான். "அவனைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாமா?" பையனிடம் விடையில்லை.

பிறகு ஆர்மா. மலைமேட்டில் தூரத்திலிருந்து சுடப்பட்டபோது, குண்டு அருகே சீறிச் சென்ற பின்பே துப்பாக்கியின் ஓசை கேட்டது. நாயக்கின் கை அவரையறியாமல் நாற்காலியைப் பற்றியது. "இது சரி. சத்தம் பிறகுதான் வரும்" என்றார். நடையும் சரி, காத்திருப்பும் சரி, யாரென்று தெரியாத குழப்பமும் சரி என்று ஒப்புக்கொண்டார். சற்றுநேரம் கழித்து, "தாகம் இல்லையே, சாமி. நாற்றமும் இல்லை" என்றார்.

அந்தச் சொல் என்னைக் குருமட நாட்களுக்கு இட்டுச்சென்றது. லொயோலா புனித இஞ்ஞாசியாரும் போர்வீரர் அன்றோ? 1521இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்தவர். எலும்பு கோணலாகப் பொருந்தித் துருத்திக்கொண்டு நின்றது; அரசவைக்குரிய அழகிய காலணி அதன்மேல் அமையாதென்று, மயக்க மருந்தில்லாத அக்காலத்தில் மீண்டும் எலும்பை அறுக்கச் செய்தார். மெருகுக்காக மனிதன் என்னென்ன தாங்குகிறான் பாருங்கள். மனம் திரும்பிய பின் அவரே ஆன்மீகப் பயிற்சிகளில் கற்பனையை ஆளும் முறையைக் கற்பித்தார். காட்சியைக் கண்ணால் மட்டும் பார்த்துத் திருப்தியடையாதே. கேள், முகர்ந்து பார், சுவைத்துப் பார், தொட்டுப் பார் என்பது அவர் முறை. நாற்றத்தை விட்டுவிட்ட தியானம் அவருக்கு முழுமையான தியானமன்று. நாயக் அந்நூலைக் கண்டதில்லை.

நம் நாட்டிலேயே செய்யப்பட்ட விளையாட்டு ஒன்றையும் பையன் காட்டினான். 'ஃபௌ-ஜி' என்பது அதன் பெயர். 2021 ஜனவரி 26 அன்று வெளிவந்தது. கல்வான் பள்ளத்தாக்கு மோதலே அதன் கதைக்களம். 2020 ஜூன் 15 இரவு அங்கே உயிரிழந்த 20 இந்திய வீரர்களுள் நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். உறைநிலைக்குக் கீழான குளிரில் கிடந்தமையால் படுகாயமுற்ற 17 பேர் மாண்டனர் என்று இராணுவமே அறிவித்தது. விளையாட்டில் அடிபட்ட வீரன் என்ன செய்கிறான் தெரியுமா? எரியும் நெருப்பின் அருகே சற்று அமர்கிறான், உயிர் நிறைந்துவிடுகிறது. தேசப்பற்றுடன்தான் செய்திருப்பார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குளிரில் கிடந்து மாண்டவர்களின் கதைக்கு இப்படியா குளிர் காய்வது?

அப்படியானால் உண்மைபோல் தோன்றும் விளையாட்டே நல்லதென்று பெற்றோர் முடிவு செய்துவிடலாமா? அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாட்களில், எங்கள் பங்கின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. இருளில் விமானம் ஒன்று சுடப்பட்டு எரிந்து விழுகிறது. பக்தியுள்ள பெரியவர்கள் செபமாலைக் கருத்தாகவே அதை அனுப்பிவிட்டார்கள். "ஃபாதர், இது ஆர்மா" என்று பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தவர் அந்த டிப்ளமா இளைஞர். புகை எழும் விதத்தை வைத்துச் சொன்னாராம். இத்தகைய விளையாட்டுக் காட்சிகள் அந்நாட்களில் நாடெங்கும் உலவின. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் மறுப்பு வெளியிட நேர்ந்தது. உக்ரைன் போரின்போதும் இதே தொல்லை எழுந்ததால், 2022 நவம்பரில் அந்நிறுவனமே பொய்ப்படங்களை இனங்காணும் வழிகளை வெளியிட்டது. படம் மங்கலாக இருக்கும், ஆடும், இருட்டாக இருக்கும், ஒலி இராது என்பவை அவற்றுள் சில. பொய்யன் மெருகை வேண்டுமென்றே அழிக்கிறான். கரடுமுரடாக இருந்தால்தான் நாம் நம்புவோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது!

உண்மையான படம் எது என்பதை அறியாத ஊரன்று இது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் ராஜீவ் காந்தியும் அவருடன் பத்துக்கு மேற்பட்டோரும் குண்டுவெடிப்பில் மாண்டபோது, இறந்து கிடந்த ஒரு புகைப்படக்காரரின் கேமராவில் எஞ்சிய சில படங்களே புலனாய்வுக்கு வழிகாட்டின. நினைவிடத்தின் தூண்களை நாள்தோறும் கடந்து வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஆர்மாவில் ஒரு பகுதியை நான் பெற்றோருக்கு மனமுவந்து பரிந்துரைப்பேன். 2017 செப்டம்பரில் 'போர்ச் சட்டங்கள்' என்ற பொருளில் அது வெளிவந்தது. வருவாயில் ஒரு பகுதி பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவுக்கு அளிக்கப்பட்டது. அதில் ஆடுகிறவன் சிப்பாய் அல்லன். யுத்தம் ஓய்ந்தபின் ஒரு சிற்றூரில் கண்ணிவெடி அகற்ற வருகிறவன். ஒரு பத்திரிகையாளரின் கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டே, அங்கே எவர் எதை விதைத்தார், எவர் மிதித்தார் என்று நினைவுகூர்கிறான். துப்பாக்கிக்குப் பதில் கண்டறியும் கருவி. ஓட்டத்துக்குப் பதில் அடியடியாய் நகர்வு.

அதை ஆடிக்காட்டியபோது நாயக் முதன்முறையாகத் தாமே பேசினார். யாழ்ப்பாணம் போகும் வழியில் முகமாலை என்று ஓர் இடம் உண்டு. 2009 மே மாதம் போர் முடிந்தும் அங்கே நிலம் முடியவில்லை. தமிழ்ப் பெண்கள், அவர்களுள் போரில் கணவரை இழந்தவர்களும் உண்டு, முகக்கவசம் அணிந்து, வெயிலில் மண்டியிட்டு, மண்ணை விரலளவு விரலளவாகச் சுரண்டிக் கண்ணிவெடிகளை எடுத்துவந்திருக்கிறார்கள். இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது அதே 2017இன் டிசம்பரில்தான். "நாங்கள் நடந்த வழிதான் அது" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பையன் அதற்குமேல் கைபேசியை எடுக்கவில்லை. "உங்களுக்குப் பயமாக இருந்ததா, ஐயா?" என்று கேட்டான். "இல்லாதவனோடு நான் ரோந்து போனதில்லை" என்றார் பெரியவர்.

அவன் விளையாட்டை விட்டுவிட்டான் என்று எழுதினால் தாய்மார் மகிழ்வீர்கள், விடவில்லை. படையில் சேரும் எண்ணத்தையும் விடவில்லை. கணினித் தேர்வுக்குப் படிக்கிறான், 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பழகுகிறான். இப்போது விடியற்காலையில் நாயக் தம் சைக்கிளில் அவன் பின்னால் செல்கிறார். முதுகில் மணல் நிரப்பிய பையோடு ஓடவிட்டு நேரம் பார்க்கிறார். கைப்பிடியில் தொங்கும் தண்ணீர் பாட்டில் அந்தத் தாய் கொடுத்தனுப்புவது.