தானே விடையிறுக்கும் அஞ்சல்

வந்த கடிதத்திற்கு விடை எழுதாதிருத்தல் பண்பன்று என்பது எம் ஆசிரியப் பெருந்தகைகள் எமக்குப் புகட்டிய பாடங்களுள் ஒன்று. இன்று கடிதம் மின்னஞ்சலாயிற்று, பாடம் மாறவில்லை. எம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து கற்றோர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் சிதறி வாழும் இந்நாளில் அதன் பெறுமதி மிகுந்தே உளது. எண்பதை அணுகுவோரிடையே மூன்று வாரம் விடை வாராதாயின், எழுதியவர் உள்ளம் எதனை எண்ணும் என்பதை நாம் விரித்துரைத்தல் வேண்டா.

அண்மையில் எமது கண்ணிற் புரையகற்றும் சத்திரசிகிச்சை நிகழவிருந்தது. சில வாரம் எழுத்து வேலையை விலக்குமாறு வைத்தியர் பணித்தார். அக்காலத்து நண்பர்களை ஐயத்தில் ஆழ்த்தாதிருத்தற்பொருட்டு, வீட்டுக் கணினி வாயிலாகத் தானியங்கு விடை அமைக்கத் துணிந்தோம்.

அமைக்கும் வழி இரண்டு. முதலாவது, தண்டர்பேர்ட் போன்ற செயலியில் விடையை மாதிரிக் கடிதமாகச் சேமித்து, வரும் அஞ்சலுக்கு அதனை அனுப்புமாறு வடிகட்டி விதியொன்று வகுத்தல். அவ்விதி இயங்குவது நம் கணினியிலேயாம். கணினி உறங்கின் விடையும் உறங்கும். மின்வெட்டு நேரினும் அதுவே கதி. இரண்டாவது, அஞ்சலைப் பெற்று வைக்கும் சேவையகத்திலேயே விடையையும் வைத்தல். ஜிமெயிலின் அமைப்புகளிற் பொதுப் பிரிவின் அடியில் இதற்கான இடம் உளது. தொடக்க நாள், இறுதி நாள், பொருள், வாசகம் ஆகியவற்றைக் குறித்துச் சேமித்தலே அமையும். நாம் இதனையே தேர்ந்தோம். முன்பின் அறியாதார்க்கு எம் நிலையை அறிவித்தல் தகாதாகலின், முகவரிப் பட்டியலில் உள்ளோர்க்கு மட்டுமே விடை செல்லுமாறும் குறித்தோம்.

இவ்வேற்பாடு புதியதன்று. 1980களில் எரிக் ஆல்மன் என்பார் யூனிக்ஸ் கணினிகளுக்கென ‘வெக்கேஷன்’ என்னும் செயலியை எழுதினார். அது ஒருவர்க்கு ஒருமுறை விடையளித்தபின், வழக்கமாக ஒரு வாரம் கழியுமுன் அவர்க்கு மீண்டும் விடையளிப்பதில்லை. ஜிமெயிலில் அவ்விடைவெளி 4 நாட்கள். இக்கட்டுப்பாடு இன்றேல், இரு இயந்திரங்கள் ஒன்றற்கொன்று ஓயாது விடையிறுத்துக் கொண்டேயிருக்கும். 2004இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 3834 என்னும் ஆவணமும், தானியங்கு விடை தன்னை அவ்வாறே அடையாளப்படுத்தல் வேண்டும் என்றும், அவ்வடையாளம் தாங்கிய அஞ்சலுக்கு மற்றோர் இயந்திரம் விடையிறுத்தலாகாது என்றும் நெறி வகுத்தது.

பொறியை அமைத்தல் எளிது. வாசகம் அமைத்தலே அரிதாயிற்று. ‘நலமாயிருக்கின்றோம்’ என்று தொடங்க எழுந்த கை தயங்கிற்று. எமக்கு யாது நேரினும் அவ்வியந்திரம் அச்சொல்லையே கூறிக்கொண்டிருக்குமன்றோ? நண்பர்க்கு அனுப்பும் சொல் எந்நிலையிலும் மெய்யாதல் வேண்டும். ஆதலின், ‘இவ்விடை இயந்திரம் அனுப்புவது. கண் சிகிச்சையின் பொருட்டு இம்மாத இறுதிவரை எழுதுதல் இயலாது. அவசரமாயின் எம் மகனோடு தொலைபேசியிற் பேசுக’ என்று மட்டும் எழுதினோம். இறுதி நாளையும் மறவாது குறித்தோம். அந்நாளின் பின் பேசுதல் எம் கடனேயன்றி இயந்திரத்தின் கடனன்று.

கட்டவிழ்த்துக் கண் தெளிந்தபின் காத்திருந்த கடிதங்கள் பதினொன்று. ஒவ்வொன்றற்கும் தனித்தனியே எழுதினோம். இயந்திரம் எமக்குத் தவணை பெற்றுத் தந்தது, கடனைத் தீர்க்கவில்லை. கல்லூரியில் இன்று பயிலும் இளைஞர்கள் இவ்வேறுபாட்டை உளங்கொள்வாராக.