வண்டிக்குள் ஓதம்

இங்கிலாந்தில் கேம்பர் வேன் என்றொரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறு குளிர்பெட்டி ஆகிய அனைத்தையும் தனக்குள் கொண்ட நடமாடும் வீடு அது. லீட்ஸ் நகரில் வாழும் என் மகன் அத்தகைய பழைய வண்டி ஒன்றை வைத்திருக்கிறான். கோடையில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து வரை சென்று வருவார்கள். ஹலாலான உணவுக்காக ஊர் ஊராய்த் தேட வேண்டியதில்லை. தொழுகை நேரம் வந்தால் ஓரமாய் நிறுத்தி விரிப்பை விரித்துக்கொள்ளலாம். ஆனால் அக்டோபர் கழிந்தால் மார்ச் வரை அது வாசலில் அசையாமல் கிடக்கும். அந்த மாதங்களில்தான் அதற்கு ஆபத்து.

ஆபத்து என்று நான் கூறுவது பனியை அன்று, பூசணத்தை. என் பேத்திக்கு ஆஸ்துமா உண்டு. கோடையில் அவள் படுத்துறங்குவது அந்த வண்டியின் மெத்தையில். ராச்டேல் நகரில் பூசணம் படிந்த வாடகை வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்று 2020 டிசம்பரில் இறந்தது. பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததே காரணம் என்று 2022இல் மரண விசாரணையில் முடிவாயிற்று. அதைப் படித்த நாள் முதல், வண்டியில் ஒரு கரும்புள்ளி கண்டாலும் என் மருமகள் பொறுப்பதில்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் நான் அங்கிருந்தபோது வண்டியை ஒடுக்கி வைக்கும் வேலை நடந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டால் குளிர் நுழையாது என்று யோசனை கூறினார். மகன் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டான். “குளிர் வரட்டும், வாப்பா! ஈரம் வெளியே போக வழி வேண்டுமே” என்றான்.

அவன் கூறியதில் நியாயம் உண்டு. 20 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். உறைநிலையில் 5 கிராமைக்கூடத் தாங்காது. மிஞ்சிய நீர் எங்கே போகும்? கண்ணாடியிலும் தகரச் சுவரிலும் வியர்வையாய்ப் படியும். அங்கிருந்து மெத்தைக்கு இறங்கும். ஈரத்தை ஓட்டுவதற்காக வாயு அடுப்பை ஏற்றுவோரும் உளர். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் பிறக்கும் என்பதை அவர்கள் அறியார். மூடிய வண்டிக்குள் எரியும் அடுப்பு உயிருக்கே உலை வைக்கலாம் என்பது வேறு.

ஆகவே மேற்கூரையிலும் தரையிலும் உள்ள காற்றுத் துளைகளை அவன் தொடவே இல்லை. தரைத் துளைகளுக்கு இன்னொரு கடமையும் உண்டு: காற்றினும் கனமான சமையல் வாயு கசிந்தால் அவ்வழியேதான் வெளியேற வேண்டும். தொட்டியையும் குழாய்களையும் வடித்து, குழாய்த் திருகுகளைத் திறந்தே விட்டான். உறையும் நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பருத்துக் குழாயைப் பிளந்துவிடும். மெத்தை, திரை, கம்பளி யாவும் வீட்டுக்குள் வந்தன. அலமாரிகளும் குளிர்பெட்டியும் திறந்தே கிடந்தன. உணவுத் துணுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் பூசணத்துக்குத் தீனியாதலால் மருமகள் மூலை முடுக்கெல்லாம் சோப்பு நீரால் துடைத்தாள். மேலே பிளாஸ்டிக் படுதா போடவில்லை. அது ஈரத்தை உள்ளேயே சிறை வைக்கும்.

கடைகளில் விற்கும் கால்சியம் குளோரைடுக் கிண்ணம் ஈரத்தை உறிஞ்சுவது உண்மையே. ஆனால் காற்றோட்டமுள்ள வண்டியில் அது யார்க்ஷையரின் ஈரம் முழுவதையும் குடித்துத் தீர்க்க வேண்டியிருக்கும்! வெயில் தலைகாட்டும் உலர்ந்த நாளில் கதவுகளை ஓரிரு மணி நேரம் திறந்து வைப்பதே மேல் என்பது என் கருத்து. அத்தகைய நாள் அவ்வூரில் அருமையாகத்தான் வாய்க்கிறது.

எத்தனை காற்றோட்டம் இருந்தாலும் மழைநீர் கசியும் வண்டியைக் காக்க முடியாது. பிப்ரவரியில் மகன் தொலைபேசியில் பேசினான். பின் ஜன்னலின் ரப்பர் ஓரத்தில் மட்டும் நாலைந்து கரும்புள்ளிகளாம். ரப்பரை மாற்ற ஆள் சொல்லியிருக்கிறான். மெத்தைகளை எப்போது வண்டிக்குக் கொண்டு போவீர்கள் என்று கேட்டேன். ரப்பரை மாற்றி, ஒரு பெருமழையும் பெய்து, உள்ளே தொட்டுப் பார்த்த பிறகுதான் என்று மருமகள் சொல்லிவிட்டாளாம்.