கூடிச் சிரிப்பவர்கள்

பதின்மூன்று கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் 240 அறைகள். ஓர் அறைக்கு ஆறு பேர். பெருக்கிப் பார்த்தால் 18,720 வரும். வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் 706 கோடியே 50 லட்சம் ரூபாயில் எழுந்து, 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த பெண் தொழிலாளர் விடுதியின் கணக்கு இது. ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்க்கும் பெண்களுக்காகக் கட்டியது. கோடிக்கணக்கும் ஆயிரக்கணக்கும் ஒருபுறம் இருக்கட்டும். என் மனம் ஆறு என்ற சின்ன எண்ணிலேயே போய் நிற்கிறது.

ஆறு பேர் என்றால் யார் யார்? ஒருத்தி கள்ளக்குறிச்சிப் பக்கம், ஒருத்தி செய்யாறு, ஒருத்தி புதுக்கோட்டை. ஒடிசாவிலிருந்தோ ஜார்கண்டிலிருந்தோ வந்தவளும் இருக்கலாம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி, ஒரு தலையணை, அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய் டப்பா. ஃபேனுக்கு நேரே யார் படுப்பது, காலையில் முதலில் யார் குளிப்பது என்று பார்வையாலேயே அளந்துகொள்ளும் முதல் இரண்டு நாட்கள். பிறகு ஏதோ ஓர் இரவு, ஏதோ ஒன்றுக்கு ஆறு பேரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். அந்த முதல் சிரிப்பு எதற்காக வந்தது? எந்தப் பதிவேட்டிலும் அது இருக்காது. எனக்கோ அதைத் தெரிந்துகொள்ள அப்படியொரு ஆசை. அந்த நொடியிலிருந்துதான் அந்த அறை வீடாகியிருக்கும்.

பக்கத்தில் உள்ள ஒரகடம் சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்த்தால் இந்த ஆசைக்குக் கொஞ்சம் தீனி கிடைக்கும். கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் டிபன் பை, வலையிட்டுக் கட்டிய கொண்டை கலையாத தலைகள். அப்படி இறங்கிய ஒரு கூட்டத்தில் ஒரு பெண் தன் லைன் லீடரைப் போல நடந்து காட்டினாள். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, நான்கு அடி நடந்து, சட்டென்று நின்று, கைக்கடிகாரத்தை இரண்டு முறை தட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அவ்வளவுதான். தோழிகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அதில் ஒருத்தி, “ஏய், அவரு பேசுற மாதிரி பேசிக் காட்டுடீ” என்றாள். நடித்தவள் உடனே கையை அசைத்தாள்: “வேணாம்டீ, பாவம். அவருக்குத் திக்கும்.” பேச்சு அத்தோடு வேறு பக்கம் போய்விட்டது, சிரிப்பு மட்டும் சாலையைக் கடக்கும் வரை ஓயவில்லை.

அன்று அவர்கள் சிரித்ததில் நகைச்சுவைத் துணுக்கு என்று எதுவும் இல்லை. எழுதி அனுப்பினால் எந்தப் பத்திரிகையும் போடாது. ஆனால் மனிதர்கள் சிரிப்பது பெரும்பாலும் இப்படித்தான் என்று கண்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் மேரிலாண்டில் பேராசிரியராக இருந்த ராபர்ட் புரொவைன், கடைவீதிகளிலும் நடைபாதைகளிலும் மாணவர்களோடு நின்று சாதாரண ஜனங்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார். 1,200 சிரிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அவற்றுக்கு முன்னால் வந்த பேச்சில் நூற்றுக்குப் பத்து இருபதுதான் வேடிக்கைப் பேச்சு என்று சொல்லத்தக்கதாக இருந்தது. மீதியெல்லாம் ‘சரி, கிளம்புறேன்’ என்கிற மாதிரியான வாசகங்கள். தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல 30 மடங்கு, நாம் பிறரோடு இருக்கும்போது சிரிக்கிறோம் என்பதும் அவர் கண்டதுதான். மும்பையில் மதன் கட்டாரியா என்ற மருத்துவர் 1995இல் பூங்காவில் ஐந்து பேரோடு சிரிப்பு மன்றம் தொடங்கியபோது, சில நாட்களிலேயே ஜோக்குகள் தீர்ந்துபோயின. ஜோக்கே இல்லாமல் சிரித்துப் பார்த்தார்கள். மன்றம் உலகமெங்கும் பரவியது. சிரிக்க ஜோக் வேண்டியதில்லை, ஆள் வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பார் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேடிக்கைப் படங்களைப் போட்டுக் கூட்டமாகச் சிரிக்க வைத்துவிட்டு, உறைய வைத்த குளிர்ச் சுற்றுறையைக் கையில் மாட்டி, எவ்வளவு நேரம் வலி பொறுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சிரித்து முடித்தவர்கள் கூடுதலாகப் பொறுத்தார்கள். உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்தான் அதற்குக் காரணம் என்பது அவர்கள் முடிவு. எட்டு மணி நேரம் நின்ற கால்களோடு பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள், கடிகாரத்தைத் தட்டும் அந்த நடிப்புக்கு ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்பது இப்போது விளங்குகிறது. அந்தச் சிரிப்பு அவர்களுக்குக் கால்வலி மருந்து.

சிரிப்பைப் பற்றி யோசித்தால் நம்மவர் எல்லோருக்கும் துன்பம் வரும்போது நகச் சொன்ன குறள்தான் முதலில் வாயில் வரும். அதைவிட எனக்கு நெருக்கமானது 999ஆவது குறள். சேர்ந்து சிரிக்க வல்லவராக இல்லாதவர்களுக்கு, இவ்வளவு பெரிய உலகம் பட்டப்பகலிலும் இருட்டில் கிடக்கிறது என்கிறார் வள்ளுவர். இதை எங்கே வைத்திருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். இன்பத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், பண்புடைமை என்ற அதிகாரத்தில் வைக்கிறார். பிறரோடு சிரித்துப் பழகுவது அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல. மானம், நாணம், சான்றாண்மை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் உட்காரும் குணம். உரையாசிரியர் பரிமேலழகர் இன்னும் ஆழமாக இறங்குகிறார். பண்பில்லாதவர் யாரோடும் கலந்து மகிழமாட்டார், கலக்காததால் உலக நடப்பும் அவருக்குத் தெரியாது, அந்தத் தெரியாமைதான் இருட்டு என்று அவர் உரை போகிறது. அப்படியானால் கூடிச் சிரிப்பது ஒரு வகையில் கண். சிரித்துப் பழகியவருக்குத்தான் பக்கத்து ஆள் தெரிவார். பக்கத்து ஆளைத் தெரிந்தவருக்குத்தான் உலகம் வெளிச்சமாகும்.

அதே அதிகாரத்தில் நான்கு குறள்கள் முன்னால், 995இல், விளையாட்டுக்குக்கூட ஒருவரை இகழ்ந்தால் அது துன்பம் என்று சொல்லிவிட்டுத்தான் வள்ளுவர் 999க்கு வருகிறார். முதலில் எல்லை, பிறகு சிரிப்பு. ஒரகடம் சாலையில் நின்ற அந்தப் பெண் இந்த அதிகாரத்தைப் படித்திருப்பாளோ என்னவோ. நடையை நடித்துக் காட்டியவள் திக்குவாயை நடிக்க மறுத்தாளே, அந்த இரண்டு குறளுக்கும் அதைவிட நல்ல உரை எனக்குத் தெரியவில்லை.

பகல், இருள் என்ற சொற்கள் இந்த வட்டாரத்துக்கு வந்தால் இன்னொரு பொருளும் கொள்கின்றன. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த பெண், காலை எட்டு மணி வெயிலில் துப்பட்டாவைக் கண்மேல் போட்டுக்கொண்டு தூங்க முயல்கிறாள். உடம்போ இது பகல் என்று அடம்பிடிக்கிறது. இரவு வேலை உடம்பின் கடிகாரத்தையே குலைப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் 2007இலேயே சேர்த்து, 2019இல் மறுபடியும் உறுதிசெய்தது. இப்படிப் பகலை இருட்டாக்கிக்கொண்டு வாழ்கிறவளுக்கு மிச்சமிருக்கும் வெளிச்சம், விழித்தபின் பக்கத்துக் கட்டிலில் யாராவது இருப்பதுதான். அவளும் இவளும் ஒரே ஷிஃப்டாக இருந்தால் பேச்சு உண்டு, சிரிப்பு உண்டு. ஆறு பேரும் ஆறு நேரத்தில் வந்து போனால் அறையில் உள்ளவை ஆறு கட்டில்கள் மட்டுமே.

சிரிப்பின் கதை மட்டுமல்ல, இந்த மண்ணில் அன்பின் கதையும் ஒன்று உண்டு. வல்லம் வடகாலிலிருந்து சிறிது தூரத்தில் ஸ்ரீபெரும்புதூர். 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர் என்று வைணவர்கள் கொண்டாடுவது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள அவருடைய திருமேனிக்குத் ‘தான் உகந்த திருமேனி’ என்று பெயர். அவர் வெகுதூரத்தில் திருவரங்கத்தில் வாழ்ந்த காலத்தில், பிறந்த ஊர்க்காரர்கள் அவர் உருவத்தையாவது வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார்களாம். செய்து கொண்டுவந்த சிலையை அவர் தாமே ஆரத் தழுவி, தம் ஆற்றலையெல்லாம் அதில் ஏற்றி அனுப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கதை. மந்திரம் சொல்லி அனுப்பியிருக்கலாம், தீர்த்தம் தெளித்திருக்கலாம். தழுவினார் என்று சொல்வதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. பிரிந்திருப்பவர்களுக்கு நம் வலிமையைக் கொடுத்தனுப்ப மார்போடு அணைப்பதைவிட வேறு வழி மனிதருக்குக் கிடைத்ததில்லை. லீவு முடிந்து ஊரிலிருந்து கிளம்பும் மகளை ஊர் பஸ் நிலையத்தில் அணைத்து அனுப்பும் அம்மாக்களுக்கு ராமானுஜரைப் பற்றித் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

அன்புக்குப் போலவே மன அமைதிக்கும் ஓர் ஆசிரியர் பக்கத்திலேயே பிறந்திருக்கிறார். ஒரகடத்திலிருந்து வண்டலூர் சாலையில் கிழக்கே போய்த் தெற்கே திரும்பினால் கூடுவாஞ்சேரி. வேதாத்திரி மகரிஷி 1911 ஆகஸ்ட் 14 அன்று அங்கே ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். தறியில் உட்கார்ந்தவர், பிறகு தறிக்கூடம் நடத்தியவர், 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கியவர். இன்று தமிழ்நாட்டில் போனை எடுத்ததும் ‘வாழ்க வளமுடன்’ என்று சொல்கிறவர்கள் எல்லாம் அவருடைய பிள்ளைகள். தியானத்தைக் குகைக்குள் கொண்டுபோகாமல் குடும்பத்துக்குள் கொண்டுவந்தார் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. மனைவியை மதிக்கவென்றே ஒரு நாளை, தம் மனைவி லோகாம்பாளின் பிறந்தநாளான ஆகஸ்ட் 30ஐ, மனைவி நல வேட்பு நாள் என்று வகுத்தவர்.

அவருடைய பயிற்சிகளில் சினம் தவிர்த்தல் என்று ஒன்று. கண்ணை மூடி ஒளியைத் தேடுவதற்கு முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுக்கச் சொல்கிற பயிற்சி. யார் யார்மேல் நமக்குக் கோபம் வருகிறது என்று பெயர் பெயராக எழுத வேண்டும். எழுதி முடித்தால் பட்டியலில் பெரும்பாலும் வீட்டாள்கள், கூட வேலை பார்ப்பவர்கள், அன்றாடம் முகம் பார்ப்பவர்கள். அவர்களை ஒவ்வொருவராக நினைத்து வாழ்த்த வேண்டும். எளிமையான காரியமாகத் தோன்றும். ஆனால் கோபமும் அன்பும் ஒரே முகவரியில்தான் குடியிருக்கின்றன என்று அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். மனதின் அமைதிக்குத் தனிமை உதவும்தான். அந்த அமைதி பழுதாவதும் பழுது நீங்குவதும் பக்கத்தில் இருக்கும் ஆட்களால்தான். ஒரு தறிக்கூடம் நடத்தியவருக்கு, பல கைகள் ஓர் இடத்தில் வேலை செய்தால் அங்கே என்னவெல்லாம் உரசும் என்று தெரியாமல் இருந்திருக்காது.

வாழ்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு நகர முடியாத ஓர் இடமும் இந்தக் கதையில் இருக்கிறது. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியொன்றின் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மார்கழிப் பனியில் ராத்திரியெல்லாம் எழுந்திருக்கவில்லை. அவர்களைச் சாலைக்கு இழுத்துவந்தது சாப்பாடு மட்டுமல்ல, பக்கத்துக் கட்டில்காரியின்மேல் இருந்த பாசமும்தான். கூடிச் சிரித்தவர்கள்தான் கூடி உட்காரவும் செய்வார்கள். நல்ல சோறு, தண்ணீர் வரும் கழிப்பறை, கால் நீட்டப் படுக்கை இவையெல்லாம் உரிமை. தியான வகுப்பு இவற்றுக்கு ஈடாகாது. இவை கிடைத்த பிறகுதான் மனநலம் என்ற பேச்சையே எடுக்க வேண்டும்.

அந்தப் பேச்சை எடுக்கிறவர்களுக்கு என் தரப்பில் இரண்டு யோசனைகள். வல்லம் வடகாலானாலும் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையானாலும், விடுதி நடத்துகிறவர்களும் ஷிஃப்ட் பட்டியல் போடுகிறவர்களும் ஒருவரோடொருவர் பேசட்டும். ஒரே அறைக்காரர்களுக்கு முடிந்த மட்டும் ஒரே ஷிஃப்ட், ஒரே நாளில் வார விடுமுறை கொடுங்கள். தனியாகச் செலவில்லை, ஒரு பட்டியலைக் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, மாடிக்கு மாடி ஒரு திண்ணை. கேமராவும் தொலைக்காட்சியும் வேண்டாம். தலையை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஓர் இடம் போதும்.

உங்கள் வீட்டுப் பெண் அங்கே இருந்தால் உங்களிடமும் ஒரு விண்ணப்பம். அவள் தூங்கும் நேரம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போன் செய்யுங்கள். சம்பளம் வந்ததா, சாப்பிட்டாயா என்று வழக்கம்போல் கேளுங்கள். கூடவே, ரூமில் இருக்கும் மற்ற ஐந்து பேரின் பெயரையும் கேளுங்கள். அடுத்த முறை பேசும்போது, “கீழ்க்கட்டில் பொண்ணு நல்லாருக்காளா?” என்று அவர்களையும் விசாரியுங்கள். பெற்றவர்கள் தன் தோழிகளின் பெயரையும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பெண் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நன்றாகவே இருப்பாள்.